அடங்காத அம்பு

“முதல் முட்டை விரிசல் விட்டுருச்சு, அக்கா!”

உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த கைபேசித் திரை முழுக்க மீசைதான் தெரிந்தது. பொரிப்பகத்தின் ஒரே முழுநேர ஆள். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அந்த மீசையைப் பார்த்தபிறகு பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

“உன் மீசையை யார் கேட்டா? முட்டையைக் காட்டு,” என்றார் மாமியார்.

கேமரா திரும்பியது. பொரிப்பு மிஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். நடுத் தட்டில் ஒரு முட்டையின் மேல் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. மாமியார் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். இன்னொரு கண் பச்சைத் துணி மறைப்புக்குள் இருந்தது. முந்தைய நாள்தான் கண்புரை எடுத்திருந்தார்கள். பயணம் கூடாது, குனியக்கூடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் இப்போதைக்கு அவருடைய அலுவலகம். பொரிப்பகம் மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருந்தது.

ஆபரேஷன் தேதி குறித்தபோதே அவர் முரண்டு பிடித்தார். “பொரிக்கிற வாரத்துல நான் அங்க இல்லாம எப்படி?”

“நீங்க கவலையே படாதீங்க அத்தை. நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டே அங்க இருக்கற கம்ப்யூட்டரை இயக்கலாம். எல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டேன்,” என்று மாப்பிள்ளை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவர் பெட்டியைக் கட்டினார்.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. மிஷினுக்குள் இருப்பவை சாதாரண முட்டைகள் அல்ல. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு கோழி வகையை அவரே ஜோடி சேர்த்து, கழித்து, மறுபடி சேர்த்து, பல வருடங்களாக உருவாக்கியிருந்தார். தாய்க் கோழிகளுக்கு வயதாகிவிட்டது. கடைசியாக அவை இட்ட முட்டைகள் இவை. இதிலிருந்து வரும் குஞ்சுகள்தான் இனி தாய்க் கோழிகள். இந்த அடை கெட்டால் மறுபடி வைக்க முட்டை இல்லை. முட்டையிடக் கோழியும் இல்லை.

“மாப்பிள்ளை, ஈரப்பதத்தை ஏத்துங்க,” என்றார். “ஓடு உடைக்கிற நேரத்துல காத்து காஞ்சிருந்தா சவ்வு குஞ்சு உடம்புல ஒட்டிக்கும். பாதி வழியில மாட்டிக்கிட்டு செத்துரும்.”

“இதோ அத்தை. ஒரே நிமிஷம்.”

மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்தான். பொரிப்பகத்துக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே இங்கே விரிந்தது. அந்தத் திரைக்குள் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் இன்னொரு திரை. மிஷினை இயக்கும் புரோகிராம் மிகப் பழசு. புதிய கம்ப்யூட்டர்களில் ஓட மறுத்தது. அதனால் புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை, நிஜம்போலவே நடிக்கிற ஒன்றை, மாப்பிள்ளை உருவாக்கி வைத்திருந்தான். மெய்நிகர் கணினி என்று அவன் விளக்கினான். மாமியார் அதற்கு ‘உள்வீடு’ என்று பெயர் வைத்தார். வெளியே இருப்பது ‘வெளிவீடு’. அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவன் மவுஸை நகர்த்தினான். வெளிவீட்டில் அம்பு சாதுவாக நடந்தது. உள்வீட்டு வாசலைத் தாண்டி, இழுத்தால் எண்ணை ஏற்றி இறக்கும் ஈரப்பதக் கோலின் மேல் போய் நின்றது. அவன் அழுத்தினான்.

அம்பு துள்ளியது.

அவன் விரல் ஒரு மயிரிழைதான் அசைந்தது. அம்போ திரையின் அந்தக் கோடிக்குப் பாய்ந்து, போகிற போக்கில் பக்கத்துக் கோலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உச்சியில் விட்டது. அது ஈரப்பதக் கோல் இல்லை. வெப்பக் கோல்.

முப்பத்தேழரையில் நின்றிருந்த எண், நாற்பத்திரண்டு என்று மாறியது.

“என்னங்க அது?” என்றாள் மகள், காபிக் கோப்பையைக் கீழே வைத்தபடி.

“ஒண்ணுமில்லை. கை பட்டுருச்சு.” மாப்பிள்ளை அம்பைக் கீழே கொண்டுவரப் பார்த்தான். அது மேலே போனது. இடப்பக்கம் தள்ளினான். வலது மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மெதுவாக, மிக மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினான். சொல்பேச்சு கேட்பதுபோல் கோல் வரைக்கும் வந்தது. அழுத்தியதும் மறுபடி ஒரு பாய்ச்சல். இந்தத் தடவை காற்றாடியின் வேகம் குறைந்தது.

“மாப்பிள்ளை, கையை எடுங்க!” மாமியார் குரல் அறைந்தது.

அவன் மவுஸை நெருப்பைத் தொட்டதுபோல் விட்டான்.

கைபேசியில் மீசை மிஷினோடு பேசிக்கொண்டிருந்தார். “என்னடா சத்தம் மாறுது உனக்கு? அக்கா, ஹீட்டர் விளக்கு எரியுதே. அணையவே மாட்டேங்குதே.”

“உள்ளே தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது?”

“முப்பத்தெட்டைத் தொடுது.”

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மீசை, அந்தக் கண்ணாடியை விட்டு நகராதே. ஏற ஏறச் சொல்லு.” பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “நாற்பதைத் தாண்டினா உள்ளே இருக்கறது தாங்காது. என்ன பண்ணணும், சொல்லுங்க.”

“கீபோர்டுல எண்ணை மாத்த முடியாதா?” என்று மகள் கேட்டாள்.

“அந்தப் புரோகிராம் எழுதினவன் கோலை இழுத்தாத்தான் எண் மாறும்னு வெச்சுட்டான். தட்டினா மாறாது.”

“நல்லா எழுதினான், போ.”

“அக்கா, நான் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போய் அங்க இருக்கற மவுஸைப் பிடிக்கட்டுமா?” மீசை கேட்டார். “அது நேரா இருக்கே. அது துள்ளாதே.”

மாமியாரின் கை தன்னையறியாமல் மடியில் இருந்த கைப்பையைத் தொட்டது. உள்ளே சாவி கலகலத்தது.

“அம்மா! பூட்டிட்டா வந்தே?” என்றாள் மகள்.

“பூட்டாம? எவனாவது உள்ளே போய் எதையாவது தொட்டுக் கெடுத்துட்டா?”

“இப்ப மூணு மணி நேரத்துக்கு அப்பால உக்காந்து தொடாமலே கெடுத்துட்டோம்.”

“கடப்பாறை கொண்டுவரவா?” என்றார் மீசை.

“அந்தக் கதவை நானே நின்னு இரும்புல போட வெச்சேன். அது உடையறதுக்குள்ள எல்லாம் வெந்துரும். மிஷினை விட்டு நகராதே.”

“அப்ப மிஷின் கதவைத் திறந்து விடவா?”

“ஐயோ, வேணாம்! விரிசல் விட்ட முட்டைக்கு வெளிக்காத்து பட்டா சவ்வு காஞ்சுரும்.”

“மெயினை அணைச்சா?”

“காத்தாடியும் நின்னுரும். மூச்சு முட்டியே செத்துரும். நீ எண்ணை மட்டும் சொல்லு.”

“முப்பத்தெட்டரை, அக்கா.”

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தான். அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டிருந்தது. “அத்தை, இங்கேருந்து நான் அனுப்பறது ‘இந்த இடத்துல போய் நில்லு’ங்கற சேதி. உள்வீடு அதை ‘இவ்வளவு தூரம் ஓடு’ன்னு எடுத்துக்குது. அதனாலதான் பாயுது. அதை மாத்த ஒரு தேர்வு இருக்கு. வெளிவீட்டுலேருந்தே மாத்தலாம், அங்க மவுஸ் ஒழுங்கா ஓடுது. ஆனா மாத்தணும்னா உள்வீட்டை அணைக்கணும்.”

“அணைங்க.”

“முறையா அணைக்கணும்னா உள்ளே போய் ‘சேமித்து மூடு’ன்னு ஒரு பொத்தானை அமுக்கணும். அதுக்கும் இந்த மவுஸ்தான். மின்சாரத்தைப் பிடுங்கற மாதிரி வெளியிலிருந்து வெடுக்குனு அணைக்கலாம். ஆனா… அதுதான் கூடாதுன்னு உங்ககிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். பழைய சிஸ்டம். ஒரு தடவை அப்படி அணைச்சு அது எழுந்திருக்கலைன்னா, மிஷின் கடைசியா கேட்ட எண்ணையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். நாற்பத்திரண்டு. அப்புறம் எதுவும் பண்ண முடியாது.”

மாமியாரின் ஒற்றைக் கண் ஜன்னல் பக்கம் போனது; மேஜை விளிம்புக்கு வந்தது; எங்கெங்கோ போய்விட்டு மாப்பிள்ளை முகத்துக்குத் திரும்பியது.

“எழுந்திருக்கும்,” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“தினமும் எழுந்திருக்குதே.”

“என்ன?”

“சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல யார் உக்காந்து முறையா மூடிக்கிட்டு இருப்பா? கதவுப் பக்கத்துல சுவிட்ச் இருக்கு. டக்குனு தட்டிட்டுப் போயிருவேன். காலையில வந்து போட்டா கொஞ்ச நேரம் கறுப்பா முனகும். அப்புறம் எழுந்துரும்.”

“தினமுமா?” என்றான் மாப்பிள்ளை.

“ஞாயித்துக்கிழமை லீவு.”

“முப்பத்தொன்பது நெருங்குது அக்கா!” மீசையின் குரல் கீச்சிட்டது.

“அத்தை, அப்ப அந்த மறதி…” மாப்பிள்ளை எழுந்தே விட்டான். “நேத்து வெச்ச எண் இன்னிக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு மறதி பிடிச்சிருச்சுன்னு சொன்னீங்களே! அதைக் கண்டுபிடிக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்த ரூமுல மல்லாந்து கிடந்தேனே!”

“உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க அவ்வளவு பாடு பட்டு மூடுற முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தீங்க.”

“சண்டையை அப்புறம் போடுங்க ரெண்டு பேரும்!” என்று மகள் மேஜையைத் தட்டினாள்.

ஆனால் மாப்பிள்ளை சண்டை போடவில்லை. அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. “முறையா மூடினாத்தான் அது எண்ணைச் சேமிக்கும். நீங்க ஒருநாளும் மூடலை. அப்ப எழுந்ததும் நான் முதல் நாள் வெச்சுக் கொடுத்த எண்தான் வரும். முப்பத்தேழரை! அதைத்தான் மிஷினுக்கு அனுப்பும்!”

“அதைத்தானே காலையில ஒவ்வொரு தடவையும் பார்க்கறேன். அணைங்க மாப்பிள்ளை. என் முட்டை. நான் சொல்றேன்.”

அவன் அம்பை உள்வீட்டிலிருந்து வெளியே இழுத்தான். வெளியே வந்ததும் அது பழையபடி சாதுவானது. பட்டியலைத் திறந்தான். ‘மின்சாரத்தைத் துண்டி’ என்ற வரியின் மேல் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

உள்வீடு கறுப்பானது.

உடனே அமைப்புகளுக்குள் புகுந்தான். நினைவகம், வட்டு, ஒலி… இறங்கிக்கொண்டே போனான். ‘விளையாட்டுகளுக்கு ஏற்ற மவுஸ்.’ அதற்கு எதிரே மூன்று தேர்வுகள்: தானாக, எப்போதும், வேண்டாம். ‘எப்போதும்’ என்பதில் புள்ளி இருந்தது. ‘தானாக’ போதுமா? ஒரு விநாடி தயங்கினான். இனி எதையும் தானாக விடுகிற நிலையில் அவன் இல்லை. ‘வேண்டாம்’ என்பதில் புள்ளியை வைத்தான். சரி என்று அழுத்தி, உள்வீட்டை எழுப்பினான்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக ஊர்ந்தன. வட்டு சரியாக இருக்கிறதா என்று அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்தது.

“இதான் அந்த முனகல்,” என்றார் மாமியார்.

“முப்பத்தொன்பது,” என்றார் மீசை. “அக்கா, முன்னால உள்ளேருந்து கீச் கீச்னு கேட்டுது. இப்ப குறைஞ்ச மாதிரி இருக்கு.”

மாமியாரின் உதடுகள் இறுகின. மேஜை விரிப்பின் ஓரத்தை முறுக்க ஆரம்பித்தார். மகள் அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். அதையும் சேர்த்து முறுக்கினார்.

பாதி வரை ஊர்ந்த எழுத்து அப்படியே நின்றது.

“நின்னுருச்சா?” என்றாள் மகள்.

“நிக்கும். அங்க கொஞ்சம் நிக்கும்,” என்ற மாமியார் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. “அந்த விளையாட்டு மவுஸ்ன்னு ஒண்ணு பார்த்தீங்களே மாப்பிள்ளை. கோழிப் பண்ணையில யார் விளையாடறா? அதை யார் வெச்சா?”

மாப்பிள்ளை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான்தான்.”

“எதுக்கு?”

“அம்பு எறும்பு மாதிரி ஊருதுன்னு நீங்க குறை சொன்னீங்க. அதை வெச்சா உங்க கைக்குச் சுறுசுறுப்பா ஓடிச்சு. சந்தோஷப்பட்டீங்க. அங்கேயே உக்காந்து பிடிக்கிற மவுஸுக்கு அது சரி. தூரத்துலேருந்து பிடிச்சா இப்படிப் பேயாட்டம் ஆடும்னு…”

“எல்லாம் சோதிச்சுட்டேன்னு சொன்னீங்களே.”

“படம் தெரியுதான்னு பார்த்தேன். நல்லா தெரிஞ்சுது. அதோட மூடிட்டேன். மவுஸைத் தொடலை.”

“கல்யாணத்துக்குப் பெண் தேடினப்பவும் இப்படித்தான்,” என்றாள் மகள். “படத்தை மட்டும் பார்த்துட்டுச் சரின்னு சொல்லிட்டார்.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

“முப்பத்தொன்பது தாண்டியாச்சு!”

எழுத்துகள் அசைந்தன. ஒரு வரி. இன்னொரு வரி. பிறகு சரசரவென்று ஓடி மறைந்தன. நீலத் திரை வந்தது. அதன் நடுவில் புரோகிராமின் சின்னம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. கோல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. காற்றாடி. ஈரப்பதம். வெப்பம்.

முப்பத்தேழரை.

“மீசை! ஹீட்டர் விளக்கு?”

“எரியுது அக்கா… எரியுது… அணைஞ்சிருச்சு! அணைஞ்சிருச்சு! காத்தாடி சத்தமும் பழையபடி வந்துருச்சு!”

“எண்?”

“ஏறிக்கிட்டேதான் இருக்கு.”

“உள்ளே தங்கின சூடு,” என்று மாமியார் தனக்கே சொல்லிக்கொண்டார். “கொஞ்சம் ஏறிட்டுத்தான் இறங்கும்.”

மூவரும் கைபேசியையே பார்த்தார்கள். மீசை தெர்மாமீட்டரைக் காட்டினார். கண்ணாடியில் விளக்கொளி பட்டு எண் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிவில்லை.

“நிக்குது,” என்றார் மீசை. கொஞ்சம் கழித்து, “இறங்குது அக்கா.”

மாமியார் விரிப்பை விட்டார். மகள் தன் விரல்களை உதறிக்கொண்டாள். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

“சாயாதீங்க,” என்றார் மாமியார். “ஈரப்பதம் ஏத்தச் சொன்னேனே. இன்னும் ஏத்தலை.”

அவன் மவுஸைப் பார்த்தான். தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “மறுபடியும் துள்ளிச்சுன்னா?”

“துள்ளினா மறுபடி பிடுங்கிப் போடுங்க. எனக்குப் பழக்கம்தான். ஆனா ஈரம் இல்லாம விட்டா இவ்வளவு பட்டதும் வீண்.”

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மவுஸைத் தொட்டான். முதலில் வெளிவீட்டில் நடத்தினான். வாசலில் ஒரு கணம் நிறுத்தினான். பிறகு உள்ளே விட்டான்.

அம்பு நடந்தது. கை போன தூரம் போனது. நின்ற இடத்தில் நின்றது. வெப்பக் கோலை ஒதுங்கி, சுற்றிக்கொண்டு, ஈரப்பதக் கோலின் மேல் போய் அமர்ந்தது. அவன் அழுத்தினான். எதுவும் பாயவில்லை. இழுத்தான். கோல் அவன் விரலோடு சேர்ந்து ஏறியது.

“போதும், அங்க விடுங்க,” என்றார் மாமியார்.

கண்ணாடியின் உட்புறம் மெல்ல மூடுபனி படர்வதை மீசை காட்டினார்.

அதன்பிறகு காத்திருப்புதான். மகள் அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். மாப்பிள்ளை தன் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினான். அதில் பெரிய பொய் எதுவும் இல்லை. மதியம் சாய்கிற நேரத்தில் மீசை கூப்பிட்டார். இந்தத் தடவை கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார், அவ்வளவுதான்.

நடுத் தட்டில் அந்த முதல் முட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் நனைந்த பஞ்சுபோல ஒன்று தலையைத் தூக்கி, தள்ளாடி, விழுந்து, மறுபடி தூக்கியது. அதற்குப் பின்னால் இன்னொரு ஓடு அசைந்தது. கீச்சொலி கைபேசி வழியாக வந்து சாப்பாட்டு மேஜையெல்லாம் நிறைந்தது.

“மேல் தட்டு?” என்று கேட்டார் மாமியார்.

மீசை தயங்கினார். “ஹீட்டர் பக்கத்துல இருக்கற வரிசையில இன்னும் சத்தம் இல்லை அக்கா. மத்ததெல்லாம் குத்த ஆரம்பிச்சிருச்சு.”

மாமியார் தலையை ஆட்டினார். இருட்டும்வரை அந்த வரிசையைப் பற்றி மறுபடி மறுபடி கேட்டார். அதில் சில முட்டைகள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மற்றவை வந்துவிட்டன. புள்ளி தெரிய இன்னும் நாளாகும். ஆனால் கறுப்பு தெரிந்தது.

அவர் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதுல மீசைக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு வெட்டிக் கொண்டுவாங்க மாப்பிள்ளை.”

“சரி அத்தை. நீங்களும் இனிமே அந்தச் சுவிட்சை…”

“தொட மாட்டேன். முறையா மூடறேன்.” அதைச் சொல்லும்போது அவர் ஒற்றைக் கண் வேறெங்கோ பார்த்தது. “சரி, அந்த மவுஸை இப்படிக் கொடுங்க. குஞ்சுக்கு இனி சூடு கொஞ்சம் குறைக்கணும். நானே வெக்கறேன்.”

மாப்பிள்ளை மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான். அவர் மவுஸைப் பிடித்து, நகர்த்தி, அம்பு உள்வீட்டுக்குள் நுழைவதைக் கவனமாகப் பார்த்தார். வெப்பக் கோலை அரைக் கோடு கீழே இழுத்து விட்டார். எல்லாம் சொன்னபடி நடந்தது.

அப்புறம் புருவத்தைச் சுருக்கினார்.

“நல்லாத்தான் போகுது,” என்றார். “ஆனா மறுபடி எறும்பு மாதிரி ஊருதே, மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை மடிக்கணினியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.